ராமசாமி

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டங்களில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரு பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கூலியைப் பற்றிப் பேசாமல், விலைவாசியைப் பற்றிப் பேசாமல், பெயரைப் பற்றி என்ன பேச்சு என்று யாராவது நினைக்கலாம். பொறுத்துக் கேளுங்கள். பேச்சு கடைசியில் கூலியில்தான் போய் நிற்கும்.

நம் பக்கத்துக் கொல்லையில் விளையும் வேர்க்கடலைக்கு நாம் என்ன பெயர் சொல்கிறோம்? மணிலா என்கிறோம். அதுவே வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. மணிலா என்பது எங்கேயோ இருக்கிற ஓர் ஊர். பிலிப்பைன்ஸ் தேசத்தின் தலைநகரம். 1898 வரைக்கும் முந்நூறு வருஷத்துக்கு மேலாக ஸ்பெயின்காரன் கட்டி ஆண்ட தேசம் அது. தேசத்தின் பெயரே பிலிப் என்ற ஸ்பெயின் ராஜாவின் பெயர்தான். அங்கே 1849-ல் கிளாவேரியா என்ற கவர்னர் ஜெனரல் ஓர் உத்தரவு போட்டான். குடியானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், யார் வரி கட்டினான் யார் கட்டவில்லை என்று கணக்குப் பார்க்க முடியவில்லை. இதுதான் அவனுக்கு வந்த கஷ்டம். ஆகவே பெயர்களை அகர வரிசையில் அச்சடித்து ஒரு பெரிய புஸ்தகம் தயாரித்தார்கள். ஸ்பெயின் பெயர்கள்தான் அதில் ஏராளம். ஊருக்குச் சில பக்கங்கள் என்று பிரித்துக் கொடுத்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஆளுக்கொரு பெயர் எடுத்துக்கொள் என்றார்கள். ஓவாஸ் என்று அங்கே ஓர் ஊர். அந்த ஊர்க் குடும்பங்களின் பெயர் முக்காலே மூணு வீசமும் 'ர' என்ற ஒரே எழுத்தில் ஆரம்பிப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். அவர்கள் பங்குக்கு விழுந்த பக்கம் அது!

ஸ்பெயின்காரன் தன் வீட்டில் எப்படிப் பெயர் வைத்துக்கொள்கிறான்? தகப்பன் வழியில் ஒரு பெயர், தாய் வழியில் ஒரு பெயர். நமக்கெல்லாம் தெரிந்த பிடல் காஸ்ட்ரோவின் முழுப்பெயர் பிடல் அலெஹாந்திரோ காஸ்ட்ரோ ரூஸ். காஸ்ட்ரோ என்பது தகப்பன் வழி. ரூஸ் என்பது தாய் வழி. ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பெரும்பாலும் இந்த வழக்கம்தான். தனக்குத் தாய் தகப்பன் கொடுத்த பெயர். அடிமைத் தேசத்துக் குடியானவனுக்கு வரி வசூலுக்காக அச்சடித்த பெயர்.

நமக்கு அப்படி யாரும் புஸ்தகத்தை நீட்டவில்லை. நமக்கு நடந்தது வேறு. இருந்த பெயரை ஒடித்தார்கள். எப்படி ஒடித்தார்கள் என்று காட்ட, நம் எல்லோருக்கும் பழக்கமான ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறேன். ராமசாமி.

இந்தக் கூட்டத்தில் ராமசாமி என்று பெயருள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் அஞ்சாறு கை கட்டாயம் எழும்பும். அதோ, எழும்பிவிட்டது! (சிரிப்பு.) நான் வேலை பார்த்த மில்லில் ஒரே ஷிப்டில் நாலு ராமசாமி. மேஸ்திரி நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார். நாங்கள் கட்டை ராமசாமி, கண்ணாடி ராமசாமி, ஓமந்தூர் ராமசாமி என்று அடையாளம் வைத்திருந்தோம். நாலாவது ராமசாமிக்கு வைத்த பெயரைத் தாய்மார்கள் இருக்கும் கூட்டத்தில் சொல்ல முடியாது. (சிரிப்பு.)

மில்லிலாவது முழுப்பெயர் இருந்தது. கிராமத்துக்கு வாருங்கள். படியாளாக இருந்த பாட்டன்மாரைக் கேட்டுப் பாருங்கள். களத்து மேட்டிலே நின்று ஆண்டை எப்படிக் கூப்பிடுவார்? "டேய் ராமா!" குப்புசாமி என்று பெற்றவள் ஆசையாக வைத்த பெயர் அங்கே குப்பன். கோவிந்தசாமி கோவிந்தன். முனுசாமி முனியன். பின்னால் இருந்த 'சாமி' எங்கே போயிற்று? ஆண்டையின் வாய் வலித்ததால் விட்டுவிட்டாரா? இல்லை. அந்தச் சொல்லின் மேல் அவருக்கு உரிமை இருந்தது. "சாமி, கும்பிடறேன் சாமி" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூப்பிட வேண்டியவன் இவன். அப்படி இருக்க, அவர் வாயால் இவனைப் பார்த்து 'ராமசாமி' என்று சொன்னால், அவர் இவனைச் சாமி என்று கூப்பிட்டதாக ஆகிவிடாதா? அதனால் சாமியை வெட்டி வைத்துக்கொண்டார். ராமனை மட்டும் இவனுக்கு விட்டார். வயது எழுபது ஆனாலும் ராமன்தான்; ஆண்டையின் பத்து வயதுப் பிள்ளை கூப்பிட்டாலும் ராமன்தான்.

பெண்டுகளுக்கோ அந்த அரைப் பெயர்கூட இல்லை. ராமன் பொண்டாட்டி. அவ்வளவுதான். நாற்று நட, களையெடுக்க, கதிரறுக்க வந்த கை பாதிக்கு மேல் பெண்களின் கை. கூலிக் கணக்கில் அவர்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? பஞ்சமும் கடனும் துரத்த, அந்த ராமசாமி கப்பல் ஏறினான்.

1860 நவம்பர் 16-ம் தேதி சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல். அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்கு மட்டும் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வடஆர்க்காடு, செங்கல்பட்டு, நம்முடைய தென்னார்க்காடு ஜில்லாக்களின் ஜனங்கள் அதில் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். கப்பல் ஜாபிதாவில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் எழுதினார்கள். இங்கிலீஷ் குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினான்.

கரும்புத் தோட்டத்துத் துரை என்ன செய்தான்? நம் ஊர் ஆண்டை விட்டுவைத்த ராமனை அவன் வெட்டினான். ஆண்டை வெட்டிய சாமியை வைத்துக்கொண்டான்! ராமசாமி, குப்புசாமி, முனுசாமி என்று எதைக் கேட்டாலும் கடைசியில் சாமி என்று வருகிறது. சரி, இந்த ஆட்களுக்கெல்லாம் 'சாமி' என்றே பெயர் என்று முடிவு கட்டினான். தமிழனோ தெலுங்கனோ குஜராத்தியோ, அவனுக்கு எல்லாரும் சாமி. பெண்களுக்கும் ஒரு பெயர் வைத்தான்; அத்தனை பேரும் 'மேரி'. காந்தியார் தம் சுயசரிதையில் இந்தச் சாமி விவகாரத்தை எழுதியிருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று அர்த்தமாயிற்றே, அப்படியானால் நான் உனக்கு எஜமானா என்று துணிச்சல்காரர்கள் வெள்ளைக்காரனை மடக்குவார்களாம். சில துரைகளுக்கு முகம் சுருங்குமாம். சிலருக்குக் கோபம் வந்து கையை ஓங்குவார்களாம்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. யூல், பர்னல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் இங்கிலீஷ்காரர் வாயில் புழங்கிய சொற்களுக்கு 1886-ல் ஓர் அகராதி போட்டார்கள். 'ஹாப்சன் ஜாப்சன்' என்று அதற்குப் பெயர். அதில் 'ராமசாமி' என்ற சொல்லும் ஏறியிருக்கிறது. என்ன அர்த்தம்? தென்னிந்தியர்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர், முக்கியமாக இலங்கைக்குப் போன கூலிகளுக்கு வழங்கும் பெயர் என்று ஓர் அர்த்தம். இரண்டாவது அர்த்தம், துரைமார் சுருட்டுப் பற்ற வைப்பதற்குக் குழாயில் அடைத்து வைக்கும் முறுக்கிய பஞ்சுத் திரி! தோழர்களே, பஞ்சாலையிலே பஞ்சோடு பஞ்சாய்த் தேய்கிறவர்கள் நீங்கள். உங்கள் பாட்டன் பெயரைப் பஞ்சுத் திரிக்கு வைத்திருக்கிறான்.

ஆனால் அந்தச் சாமிகள் திரியாகவே இருந்துவிடவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் சுதந்திரமாக வாழ நினைத்தவன் தலைக்கு வருஷத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று நேட்டால் சர்க்கார் வைத்திருந்தது. அதை எதிர்த்து 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை நிறுத்தம் ஆரம்பித்தது. சுரங்கத்துக்குப் போய்த் தொழிலாளர்களை வேலையை விட்டு வெளியே வரச் சொன்னவர்களில் முன்னால் நின்றவர்கள் பெண்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். துரை கண்ணுக்கு எல்லாரும் மேரிகள்தான். நவம்பரில் கரும்புத் தோட்டங்களுக்கும் வேலை நிறுத்தம் பரவியது. சிறை, சவுக்கடி, துப்பாக்கிப் பிரயோகம் எல்லாம் நடந்தது. சிறையில் காய்ச்சல் கண்டு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ல் இறந்தாள். வயது பதினாறு. அந்த வருஷமே மூன்று பவுன் வரி ஒழிந்தது. பெயரைக்கூடச் சரியாகக் கேட்டு எழுதாதவன், வேலை நின்ற அன்றைக்கு எத்தனை பேர் என்று ஒவ்வொரு தலையாக எண்ணினான்.

இலங்கைக்குப் போன ராமசாமிகளின் கதை இன்னும் மோசம். கங்காணி கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். இன்ன ஆள், இன்ன தொகை கடன், அதைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று எழுதியிருக்கும். அதற்கே 'துண்டு' என்று பெயர். வேறு எந்தக் காகிதத்திலும் இல்லாவிட்டாலும் கடன் காகிதத்தில் இவன் பெயர் தவறாமல் இருந்தது. 1948-ல் இலங்கை சர்க்கார் பிரஜா உரிமைச் சட்டம் கொண்டுவந்து, உன் தகப்பனோ பாட்டனோ இந்த மண்ணில் பிறந்தான் என்பதற்கு அத்தாட்சி காட்டு என்றது. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவனுக்கு ஏது அத்தாட்சி? செக்ரோலில் இருக்கிற ராமசாமிகளில் உன் தகப்பன் எந்த ராமசாமி? லட்சக்கணக்கான பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று மூட்டை பிரிப்பதுபோல் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சியவர்களுக்கு 2003-ல்தான் அங்கே சட்டம் வந்து பிரஜா உரிமை கிடைத்தது. ஐம்பத்தைந்து வருஷம்! ஒரு பெயர் காகிதத்தில் ஏறாததற்குக் கொடுத்த விலை அது.

சரி, கடல் தாண்டிப்போன அந்த ஒடிந்த பெயர் என்ன ஆயிற்று? பேரன் பேத்திகளுக்குக் குடும்பப் பெயராகி நிலைத்துவிட்டது. ஒவ்வொரு தேசத்தில் ஒவ்வொரு எழுத்துக் கூட்டல். தென்னாப்பிரிக்காவில் ராம்சாமி. கயானாவில் ராம்சம்மி, அந்தப் பெயரோடு லெஸ்லி ராம்சம்மி என்பவர் அங்கே சுகாதார மந்திரியாக இருந்து, 2008-ல் உலக சுகாதார சபைக்குத் தலைமை வகித்தார். பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுக்காரன் ஆளேற்றிய ரீயூனியன் தீவில் ராமஸ்ஸாமி. அங்கிருந்து 2017-ல் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்குப் போனவர் நாடியா ராமஸ்ஸாமி என்ற பெண்மணி. மலேயாவில் பினாங்கு மாநிலத்துக்கு 2008 முதல் 2023 வரை துணை முதலமைச்சராக இருந்தவர் பேராசிரியர் பி. ராமசாமி. தோட்டத் தொழிலாளர்களையும் அவர்கள் சங்கங்களையும் பற்றி ஆராய்ச்சி செய்து புஸ்தகம் எழுதியவர். ராமசாமிகளின் கதையை ஒரு ராமசாமியே எழுதினார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இவர்களில் சாம் ராம்சாமியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 1938-ல் டர்பனில் பிறந்தவர். விளையாட்டுப் பயிற்சி ஆசிரியர். வெள்ளையனுக்கு ஒரு மைதானம், மற்றவனுக்கு ஒரு மைதானம் என்று இருந்த தேசத்தில், இந்த நிறவெறி இருக்கும்வரை தென்னாப்பிரிக்காவை உலகத்தில் எந்த விளையாட்டிலும் சேர்க்கக்கூடாது என்று கிளம்பினார். 1972-ல் லண்டன் போய், அங்கிருந்து வருஷக்கணக்காக நாடு நாடாக அலைந்து பிரசாரம் செய்தார். நிறவெறிச் சட்டங்கள் சரியத் தொடங்கிய பிறகு, 1960-க்கு அப்புறம் முதல் தடவையாகத் தென்னாப்பிரிக்கா ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போனது 1992-ல். எங்கே? ஸ்பெயின் தேசத்தின் பார்சிலோனாவில். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து அணிவகுத்தார்கள். பழைய வெள்ளையர் ஆட்சிக் கொடியை அங்கே தூக்கவில்லை. அந்த அணிக்குப் பொறுப்பான கமிட்டியின் தலைவர் யார்? சாம் ராம்சாமி. எந்த ஊரில் சாமி, சாமி என்று கேலியாகக் கூப்பிட்டானோ அந்த ஊர்க்காரர். (கைதட்டல்.)

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கேயும் பெரிய ராமசாமிகள் இருந்தார்கள். அவர்கள் பெயரை யாராவது ஒடித்தார்களா? ஒடிக்கவில்லை. இன்னும் நீட்டினார்கள்! ராமசாமி ஐயர், ராமசாமி முதலியார், ராமசாமி ரெட்டியார், ராமசாமிப் படையாச்சியார், ராமசாமி நாயக்கர். உழைப்பவன் பெயருக்கு வாலை வெட்டுவார்கள். பெரிய மனுஷன் பெயருக்கு வாலை ஒட்டுவார்கள். ஆற்காடு ராமசாமி முதலியார் 1946-ல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக சபைக்கு முதல் தலைவரானவர். அவர் நமக்குத் தூரம், விட்டுவிடுவோம். பக்கத்து ஆட்களைப் பார்ப்போம்.

திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் வந்தவாசி. அங்கே 1879 நவம்பரில் பிறந்தவர் சர் சி. பி. ராமசாமி ஐயர். மகா புத்திசாலி, பெரிய வக்கீல், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான். அவர் திவானாக இருந்தபோதுதான் 1936-ல் அங்கே கோயில் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டுப் பிரகடனம் வந்தது. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. அதே திவான் காலத்தில்தான், 1946 அக்டோபரில், புன்னப்புராவிலும் வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளர்கள், மீனவர்கள், வயல் கூலிகள் மேல் ராணுவமும் போலீசும் சுட்டன. வேல்கம்பும் வாரிக்குந்தமும் பிடித்து நின்றவர்களுக்கு எதிரே துப்பாக்கி. நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அதையும் சொல்லாமல் இருக்க முடியாது. திருவிதாங்கூரைத் தனி நாடாக்கிவிடலாம் என்று திட்டம் போட்ட ஐயர், 1947 ஜூலையில் வெட்டுக்காயம் பட்டுப் பதவியை விட்டுப் போனார்.

அதே 1879-ல், இரண்டு மாதம் முந்தி, செப்டம்பரில், ஈரோட்டில் பிறந்தவர் இன்னொரு ராமசாமி. அவரை நீங்கள் பெரியார் என்கிறீர்கள். அவர் ஒரு காரியம் செய்தார். 1929 பிப்ரவரியில், இதோ நம் ரயில் பாதையில் இருக்கிற செங்கல்பட்டிலே சுயமரியாதை மகாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் போடுவது சுலபம், கைவிடுவதுதான் கஷ்டம். அவர் தம் பெயருக்குப் பின்னால் இருந்த நாயக்கரை வெட்டினார். பிறகு சோவியத் நாட்டைப் பார்த்தார்; ஸ்பெயின் உள்பட ஐரோப்பாவைச் சுற்றினார்; 1932 நவம்பரில் ஊர் திரும்பியதும் 'குடி அரசு' பத்திரிகையில் ஓர் அறிக்கை விட்டார். ஒருவரை ஒருவர் மகா ஸ்ரீ, திருவாளர், ஸ்ரீமதி என்று அழைக்காமல் 'தோழர்' என்றே அழைக்க வேண்டும் என்றார். ஆண்டையும் சாமியும் வேண்டாம், குப்பனும் ராமனும் வேண்டாம், தோழர் குப்புசாமி, தோழர் ராமசாமி! அவரோடு நமக்குச் சண்டை உண்டு, சச்சரவு உண்டு. ஆனால் இந்த ஒரு காரியத்துக்காக அவர் பெயரை நாம் முழுசாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தவர் நம் மண்ணின் மைந்தர். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓமந்தூர். அங்கே 1895-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி. சுதந்திரக் கொடி ஏறிய அன்றைக்கு இந்த மாகாணத்துக்குத் தலைமையில் இருந்தவர் அவரே. நேர்மையான மனிதர் என்பதை எதிரியும் ஒப்புக்கொள்வான். 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும், 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தில் வந்தவை. நல்ல சட்டங்கள். ஆனால் திண்டிவனம் தாலுகாவில் ஏர் பிடித்த படியாளுக்கு அந்த ஜமீன் ஒழிப்பில் ஒரு குழி நிலம் வந்ததா? நம் ஜில்லாவில் பெரும்பாலும் ரயத்துவாரி. இங்கே இருந்த ஆண்டை ஜமீன்தார் இல்லை, பட்டாதார். சட்டம் அவரைத் தொடவில்லை. இன்னொன்றும் உண்டு. அப்போது இந்த மாகாணத்தில் சேர்ந்திருந்த மலபாரிலே, ஒஞ்சியத்தில், 1948 ஏப்ரல் 30-ம் தேதி போலீஸ் சுட்டு எட்டுப் பேர் மாண்டார்கள். விவசாயிகள், நெசவாளிகள். அவர் நேர்மையைச் சொல்லும் நாக்கு இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? இப்போது அவரை யாரும் ரெட்டியார் என்று சொல்வதில்லை. ஓமந்தூரார் என்கிறார்கள். சென்னையில் சர்க்கார் தோட்டத்துக்கே அந்தப் பெயர். சாதி போய் ஊர் வந்தது. ஊர் என்றால் அதில் சேரியும் உண்டு அல்லவா?

இன்னொருவர் கடலூர் எஸ். எஸ். ராமசாமிப் படையாச்சியார். உழைப்பாளர் கட்சி என்று ஒரு கட்சி கண்டு, 1952 தேர்தலில் நம் தென்னார்க்காடு ஜில்லாவைப் பிரதானமாக வைத்துச் சட்டசபைக்கு 19 இடம் பிடித்தார். பெயர் உழைப்பாளர். ஓட்டுப் போட்டவர்கள் உண்மையிலேயே உழைப்பாளிகள், வெயிலில் வெந்தவர்கள். காங்கிரசுக்கு அப்போது பெரும்பான்மை இல்லை. ஆகவே அந்த 19-க்கு நல்ல கிராக்கி. 1954-ல் காமராஜர் மந்திரிசபையில் படையாச்சியார் மந்திரியானார். கட்சி கரைந்து காங்கிரசில் கலந்தது. தாழ்த்திக் கிடந்த ஜனங்களுக்கு அவர் ஒரு தைரியம் கொடுத்தார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உழைப்பாளி என்ற சொல்லை ஒரு சாதி வேலிக்குள் கட்டினால், பக்கத்து வயலில் அதே கூலிக்கு அதே களையெடுக்கிற சேரிப் பெண் வேலிக்கு வெளியேதானே நிற்பாள்? இந்த ஜில்லாவில் இன்றுவரை நாம் கூலி கேட்டுச் சேர்ந்து போகும்போதெல்லாம் காலில் தட்டுப்படுகிற வேலி அது.

பார்த்தீர்களா, ஒரே பெயர்தான். சுடச் சொன்ன சர்க்காரிலும் ராமசாமி இருந்தார். நிறவெறியை மறித்தவரும் ராமசாமி. ஆகவே பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், பெயரை வைத்துப் பகைக்கவும் வேண்டாம். அதை விட்டுவிட்டு, நம் வீட்டு ராமசாமிக்கு இன்றைக்கு நடப்பதைச் சொல்கிறேன். கூலியில் வந்து நிற்கும் என்று சொன்னேன் அல்லவா? வந்துவிட்டது.

எங்கள் மில் கண்ணாடி ராமசாமி ஓய்வு பெற்ற மறு வருஷமே செத்துப்போனார். அவர் சம்சாரம் பி.எப். பென்ஷனுக்கு அலைந்தாள். மில் ரிக்கார்டில் ராமசாமி. ஆதாரில் ராமஸ்வாமி. இங்கிலீஷில் எழுதும்போது நடுவில் ஒரு 'டபிள்யூ' கூடுதல். பாங்கு பாஸ் புஸ்தகத்திலோ தகப்பன் பெயரின் முதல் எழுத்து முன்னால் இருப்பதற்குப் பதில் பின்னால். ஆபீசில் இருந்தவர், "அம்மா, இந்த ராமசாமி வேற, அந்த ராமஸ்வாமி வேற. மிஷின் ஏத்துக்க மாட்டேங்குது" என்றார். "முப்பத்தெட்டு வருஷம் சோறு போட்டவ நானு. எனக்குத் தெரியாதா சார் எந்த ராமசாமின்னு?" என்றாள் அந்த அம்மாள். என்ன பதில் சொல்வார்? பதினோரு மாதம் ஆயிற்று அந்த ஒரு எழுத்தை எடுக்க. அந்தப் பதினோரு மாதமும் அவள் நடவுக்குப் போய்த்தான் சாப்பிட்டாள்.

வயல் பக்கமும் இதே கதை. நூறு நாள் வேலைக்கு 2024 ஜனவரியிலிருந்து ஆதார் வழியாகத்தான் கூலி என்று கட்டாயமாக்கினார்கள். அட்டையில் முனியம்மாள், ஆதாரில் முனியம்மா. ஒரு புள்ளி வைத்த 'ள்' காணாமல் போனதற்காக வெட்டிய மண்ணுக்குக் கூலி வராமல் நின்ற பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் ஆண்டை வாயால் ஒடித்தார். இப்போது மிஷின் எழுத்தை எண்ணி ஒடிக்கிறது. இரண்டிலும் நஷ்டம் ஒரே ஆளுக்குத்தான்.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வேலையில் இருக்கும்போதே பாருங்கள். ஓய்வு பெற்ற பிறகு ஓடாதீர்கள். ஆதார், பாங்கு பாஸ் புஸ்தகம், பி.எப். கணக்கு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். முன்னெழுத்து முன்னாலா பின்னாலா என்று பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். பி.எப். கணக்கில் தப்பு இருந்தால் நீங்களும் நிர்வாகமும் சேர்ந்து கொடுக்கிற ஜாயிண்ட் டிக்ளரேஷன் என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மில் ஓடிக்கொண்டிருக்கும்போது நிர்வாகத்திடம் அதைக் கேட்டு வாங்குவது சுலபம். கதவு பூட்டிய பிறகு யாரைத் தேடுவது? வாரிசு நியமனத்தில் சம்சாரத்தின் பெயர், அவள் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். 'ராமசாமி மனைவி' என்று மட்டும் எங்கேயாவது இருந்தால் அவள் பெயரைப் போடச் சொல்லுங்கள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடது பக்கம் இரண்டு தோழர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். காகிதங்களைக் கொண்டு வந்திருப்பவர்கள் வரிசையாக வந்து காட்டுங்கள். கொண்டுவராதவர்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்கு வரலாம். கையெழுத்துத் தெரியாத தாய்மார்கள் தயங்க வேண்டாம். வாயால் சொல்லுங்கள், அவர்கள் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். கை தூக்கினீர்களே, அந்த அஞ்சாறு ராமசாமிகள், நீங்கள் முதலில் வாருங்கள்.